பதினாறாம் ரூம்

ஒரே ஷீட்டில் ஒரே தலைப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. இடது பக்கம், மெட்ராஸ் பசங்கள் நாலு பேர் கிட்டாரும் டிரம்ஸுமாகப் போட்ட ராக் பாட்டு சிடியின் அட்டை. அதில் ஆறாவது பாட்டு ‘பதினாறாம் ரூம்’. வலது பக்கம், டிவியில் ஓடி முடிந்த ஒரு நாடகத்தின் விசிடி அட்டை. அதில் நாற்பத்தோராவது பகுதி ‘பதினாறாம் ரூம்’. சம்பந்தமில்லாத இரண்டு ஆர்டரை ஒரே ஷீட்டில் சேர்த்து அடிப்பது சிவகாசி அச்சாபீஸ்களில் நடக்கிறதுதான். ஆனாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த வேல்விழி மவுஸை விட்டுவிட்டு இரண்டு தலைப்பையும் விரல் வைத்து மறுபடி படித்தாள்.

“பாய், இதைக் கொஞ்சம் பாருங்க. நான்தான் தப்பா ஒட்டிட்டேனா?” என்று முதலாளி சாதிக் பாட்சாவைக் கேட்டாள்.

அவர் இரண்டு கைப்பிரதியையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் அப்படியேதான் இருந்தது. “பாட்டுக்காரனும் நாடகக்காரனும் ஒரே பேரு வைக்கக் கூடாதுன்னு சட்டமா தாயி? சந்தேகமா இருந்தா ரெண்டு பேரும் சாம்பிள் டிஸ்க் குடுத்திருக்காக, போட்டுப் பாத்துக்க. நான் தொழுதுட்டு வந்துர்றேன்.”

நாலு மணிக்குக் கரண்டு போய்விடும். அந்த வருஷம் தினமும் போனது. அதனால் மெஷின்காரர்களும் அவர் பின்னாலேயே டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். வெயிலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்கள்.

பாட்டுக்காரனுக்கும் நாடகக்காரனுக்கும் அது வெறும் பேராக இருக்கலாம். வேல்விழிக்கு அது விஸ்வநத்தம் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் இருந்த பட்டாசுக் கம்பெனியின் மருந்து ரூம். போன புரட்டாசியில் அது வெடித்தபோது ஆஜர் நோட்டில் உள்ளே நாலு பேர். நாலாவது பேர் வேல்விழி. ஆனால் உள்ளே இருந்ததோ அவள் தங்கச்சி பொன்னுத்தங்கம். அக்காள் அச்சாபீஸுக்கு மாறிய பிறகும் பேரை வெட்டாமல், அதே டோக்கனில் தங்கச்சி வேலைக்குப் போனாள். சீசனில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். போர்மேன் பெத்தணனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் காலையில் “வேல்விழி” என்று கூப்பிடுவான். பொன்னுத்தங்கம் “இருக்கேண்ணே” என்பாள்.

வெடித்த மறுநாள் அதே பெத்தணன் மேனேஜரோடு வீட்டுக்கு வந்தான். “வேல்விழி குத்துக்கல்லாட்டம் உயிரோட நிக்கா. பிறகு எவ செத்தா?” என்று கேட்டான். ஆள்மாறாட்டக் கேஸில் அப்பனையும் ஆத்தாளையும் உள்ளே தள்ளுவோம் என்று மிரட்டி, ‘பதினாறாம் ரூமில் இருந்த நான் உயிர் தப்பினேன்’ என்று எழுதிய தாளில் வேல்விழியிடம் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று பேர் பலி, ஒருத்தி தப்பினாள் என்று பேப்பரில் வந்தது. பொன்னுத்தங்கம் லாரி கிளீனரோடு ஓடிப்போனாள் என்று ஊருக்குள் கதை கட்டிவிட்டார்கள். அட, கட்டையில போறவனுகளா! சாம்பலாகிப் போன பிள்ளைக்கு ஓடுகாலிப் பட்டம் கட்ட எந்த நாக்கு துணிந்தது? அந்தக் கையெழுத்தை நினைத்தால் வேல்விழிக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. செத்தது பொன்னுத்தங்கம்தான் என்று எவனாவது ஒருத்தன் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும் அவளுக்கு.

முதலில் பாட்டை ஓடவிட்டாள். கிட்டார் காதைக் கிழித்தது, ஒரு பையன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான், டிரம்ஸ் அடித்த அடியில் மேஜைமேல் இருந்த டீக்கிளாஸ் நடுங்கியது. அதற்கெல்லாம் அடியில், நிறுத்தி நிதானமாக, மருந்துக் குழாயைக் கட்டையால் இரண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அப்படித் தட்டுவது பொன்னுத்தங்கம் மட்டும்தான்.

பாட்டை நிறுத்தாமல் எழுந்துபோய், மூலையில் இருந்த டிவியில் நாடகத்தையும் போட்டாள். பெரிய பங்களா, பட்டுச்சேலை, மாமியார் வைய மருமகள் அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. அந்தக் கதவுக்கு அங்கிட்டுச் சுண்ணாம்பு அடித்த சின்ன ரூம், நாலு பக்கமும் வாசல், சுவரில் தாரால் எழுதிய பதினாறு. தரையில் நாலு பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை வரை அலுமினியப் பொடி.

மருமகளின் அழுகை அடங்கியது. கிட்டாரும் அடங்கியது. டிவியிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே சத்தம்தான் வந்தது. நோட்டைப் புரட்டுகிற சத்தம்.

“சுப்புத்தாய்.”

“இருக்கேண்ணே.”

பெத்தணன் குரல். அவன் உயிரோடுதான் இருக்கிறான், காலையில்கூட பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றான்.

“மாரித்தாய்.”

“இருக்கேண்ணே.”

“அய்யம்மாள்.”

“இருக்கேண்ணே.”

செத்துப்போன மூன்று பேர். வரிசை மாறாமல்.

“வேல்விழி.”

“இருக்கேண்ணே.” தங்கச்சியின் குரல்.

கரண்டு போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. டிவி அணைந்தது, கம்ப்யூட்டர் அணைந்தது. வெளியே தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. உள்ளே மை வாசனை போய்க் கந்தக நெடி ஏறியது.

“வேல்விழி,” என்றது அணைந்த டிவி.

“இருக்கேண்ணே.”

“வேல்விழி.”

“இருக்கேண்ணே.”

பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. செத்த பிறகும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தப் பேர் கிடையாதா? வேல்விழி டிவி முன்னால் போய் நின்று கத்தினாள்.

“அது வேல்விழி இல்லலே, பாவிப் பயலே! என் தங்கச்சி பொன்னுத்தங்கம்! செத்தது அவதான்! நோட்டுல எழுதுலே, எழுது!”

சத்தம் நின்றது. பேனா தாளில் கீறியது. நிதானமாக எழுதியது.

“பொன்னுத்தங்கம்.”

“இருக்கேண்ணே.”

வேல்விழிக்குக் கண்ணில் நீர் கொட்டியது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. போதும். இது போதும்.

தாள் திரும்பியது.

“அப்ப வேல்விழி எங்க?”

வேல்விழி பின்னால் நகர்ந்தாள்.

“ரூமுக்குள்ள இருந்ததா கையெழுத்துப் போட்டிருக்காளே. எங்க அவ?”

ஷட்டரை நோக்கி ஓடினாள். தகரம் கொதித்தது. கை பொத்துப்போயிற்று. குனிந்தாள். ஷட்டருக்கு அடியில் தெரு இல்லை. சுண்ணாம்புத் தரை. கருவேலங்காடு. வெயில்.

“வேல்விழி.”

வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும். விரலெல்லாம் பொடி.

“வேல்விழி.”

டிவிக் கண்ணாடிக்குள் நாலு முதுகும் அசைந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பின. மூன்று பேருக்கு முகம் இல்லை. பொன்னுத்தங்கத்துக்குப் பாதி இருந்தது. அந்தப் பாதி அக்காளைப் பார்த்து ஆசையாகச் சிரித்தது. பிறகு அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் தரையைக் கையால் துடைத்துவிட்டாள்.