டிஃபுந்தாவின் தண்ணீர்

யாரும் வாய் வைக்காத பாட்டிலில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நெலிதா அதைத் தன் இரண்டு பாதங்களுக்கு நடுவில் இடுக்கி வைத்திருந்தாள். வேன் கிளம்பும்போது கழுத்துவரை இருந்த தண்ணீர், உப்புப் பொட்டலுக்குள் நுழைந்தபோது பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளின் மேல் விளிம்புக்கு இறங்கியது. இப்போது லேபிளுக்கும் கீழே போய்விட்டது. ஓட்டை இருக்கிறதா என்று அடியைத் தடவிப் பார்த்தாள், பொட்டு ஈரமில்லை. மடியில் ஆறு மாதக் குழந்தை சீரோ தூங்கினான். அவனுக்குப் பால் சுரக்க வேண்டுமென்றால் அவள் குடிக்க வேண்டும். இந்த இரண்டு லிட்டரை வேறு யாரும் தொடக் கூடாது என்று காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

வண்டியை அவள் புருஷன் ரோசெந்தோ ஓட்டினான். பக்கத்து சீட்டில் தோன் லீபர், உருகுவேக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. ஒரு ஊருக்கு மூன்று நாள், சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குக்கு இரண்டு நாள், வெந்நீர் ஊற்றில் நாலு நாள் ஊறியும் எழுந்திருக்க மனமில்லாத ஆசாமி. மலையைத் தாண்டிப் பசிபிக் கடலில் காலை நனைத்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று மூன்று வாரத்துக்கு வேனைப் பேசியிருந்தார். ரோசெந்தோ ஓட்டுவான், நெலிதா சமைப்பாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இன்று நண்பகல் வரைக்கும்.

நண்பகலில் ரேடியேட்டர் கொதித்தது. நின்ற இடத்தில் டிஃபுந்தாவின் மாடம் இருந்தது. முழங்கால் உயரச் செங்கல் கட்டடம், உள்ளே மெழுகு உருகிய கறை, முன்னால் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். டிஃபுந்தா என்றால் செத்துப்போனவள், இந்தப் பொட்டலில் தாகத்தில் செத்தவள். அந்தச் சாலையில் போகும் லாரிக்காரர்கள் சொந்தத் தாயை மறந்தாலும் அவளுக்கு ஒரு பாட்டில் வைக்க மறக்க மாட்டார்கள். ரோசெந்தோ பதினோரு பாட்டிலையும் எடுத்து ரேடியேட்டரில் ஊற்றினான்.

"வேணாம் ரோசெந்தோ. நம்ம கேன்ல இருக்கிறத ஊத்து," என்றாள் நெலிதா.

"அது நாம குடிக்க, குண்டம்மா." அவள் ஒல்லி, அதனால்தான் அந்தப் பெயர். "இவளுக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி? குளிக்கவா போறா?"

வாய்க்கொழுப்பு அவனுக்குக் கூடவே பிறந்தது. தோன் லீபர் சிரித்தார். "செத்தவங்களுக்குத் தாகம் எடுக்காது பொண்ணே. நானே கணக்குப் போட்டுச் சொல்றேன்," என்றார். நெலிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஓட்டியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே உப்பு வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது, சூடான இரும்பும் காய்ந்த களிமண்ணும் கலந்த வாசனை வண்டிக்குள் ஏறிக்கொண்டே இருந்தது, இன்ஜின் இரைச்சலுக்கு அடியில் வேறு ஏதோ ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. மடக். கொஞ்சம் இடைவெளி. மடக், மடக். யாரோ அண்ணாந்து குடிக்கும் சத்தம். நெலிதா குனிந்து குழந்தையின் வாயைப் பார்த்தாள். அவன் உதடு மூடியிருந்தது.

தோன் லீபர் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர் போட்டுக்கொள்ள அக்குளில் இடுக்கியிருந்த வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்துக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"கிளம்பும்போதுதானே நிறைச்சேன்," என்றார்.

கொஞ்ச தூரத்தில் சூட்டு முள் சிவப்புக்குத் தாவியது, வேன் இருமிவிட்டு நின்றது. ரோசெந்தோ இறங்கி முன்மூடியைத் தூக்கினான், ரேடியேட்டர் காலி. கீழே படுத்துப் பார்த்தான். சொட்டிய தடம் கிடையாது, குழாயில் வெடிப்பு கிடையாது. பின்னால் இருந்த குடிதண்ணீர் கேனைத் தூக்கியதும் அது காகித டப்பா கனத்தில் கையோடு எழும்பி வந்தது. அதற்குள்ளும் ஒன்றுமில்லை.

நெலிதா குழந்தையோடும் பாட்டிலோடும் இறங்கினாள். திரும்பிப் பார்த்தாள். கல்லெறி தூரத்தில் அந்த மாடம். முன்னால் ரோசெந்தோ வீசிவிட்டு வந்த பதினோரு காலி பாட்டில்கள், வீசிய இடத்திலேயே கிடந்தன. இரண்டு மணி நேரமாக எந்தச் சாலையில் வந்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

தாகம் அப்படி ஏறி அவள் பார்த்ததில்லை. அரை மணிக்குள் ரோசெந்தோவின் உதடு பிளந்தது. தோன் லீபருக்கு நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. இருவரும் அவள் கையில் இருந்த பாட்டிலையே பார்த்தார்கள். அடியில் ஒரு டம்ளர் அளவு மிச்சமிருந்தது.

"ஒரு மடக்கு குடு," என்றான் ரோசெந்தோ.

"இது புள்ளைக்கு. நான் குடிச்சாத்தான் அவனுக்குப் பால்."

"நீ குடிச்சிட்டுத்தான் இருக்க. பாதி எங்க போச்சு?"

"சத்தியமா நான் தொடல."

ரோசெந்தோ மெதுவாக வாத்தியார் பக்கம் திரும்பினான். "அப்போ நீங்கதானா தோன் லீபர்? கேன், பிளாஸ்க், எல்லாம் நீங்கதானா?"

"உளறாதப்பா. அந்த மாடத்துல கை வெச்சது யாரு? நானா?"

"செத்தவளுக்குத் தாகம் எடுக்காதுன்னு சொன்னது யாருடா கிழவா?"

வாத்தியார் நெலிதாவிடம் பாய்ந்து பாட்டிலைப் பறித்தார். அறுபத்தெட்டு வயது மனுஷன், குழந்தை வைத்திருக்கும் பெண்ணின் மணிக்கட்டை முறுக்கினார். மூடி தெறித்தது, தண்ணீர் மண்ணில் கொட்டியது, மண் அதைச் சத்தத்தோடு இழுத்துக்கொண்டது. மடக், மடக்.

ரோசெந்தோ வீல் ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி காதுக்கு மேல். வாத்தியார் மண்டியிட்டார், கையைத் தூக்கி என்னவோ சொல்ல வந்தார், மூன்றாவது அடியில் மண்டை பிளந்தது. நெலிதா அலற வாயைத் திறந்தாள், காய்ந்த காற்றுதான் வந்தது.

ரத்தம் வரவில்லை.

பிளந்த இடம் வறண்டு கிடந்தது, உள்ளே எல்லாம் சாம்பல் நிறம். ரோசெந்தோ குனிந்து பார்த்தான். விரலை விட்டுப் பார்த்தான். பிறகு வாயை வைத்தான்.

அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, மூட முடியவில்லை. ஏழு வருஷம் ஒரே படுக்கையில் படுத்த மனுஷன். காலையில் குழந்தையின் உள்ளங்காலை முத்தமிட்டவன். அவன் தலையைத் தூக்கினான், வாயைச் சுற்றிச் சாம்பல். அவளைப் பார்த்தான். முகத்தை அல்ல.

"உங்கிட்ட பால் இருக்கு," என்றான்.

"கிட்ட வராத."

"அவனுக்கு மட்டும்தானா? நானும் சாகுறேன் குண்டம்மா."

ஓடினாள். உப்பு காலடியில் நொறுங்கியது. பின்னால் அவன் மூச்சு. ஓட வேறு இடமில்லை, எந்தப் பக்கம் ஓடினாலும் முன்னால் அந்த மாடம்தான் வந்தது. அவன் கை அவள் முடியைப் பிடித்தது. விழுந்தாள். குழந்தை அடியில் நசுங்காமல் ஒருக்களித்து விழுந்தாள். அவன் மேலே ஏறினான், சட்டையைக் கிழித்தான், பல் பட்டது. மாடத்தில் பெயர்ந்திருந்த செங்கல் ஒன்று அவள் கைக்குக் கிடைத்தது. அடித்தாள். மறுபடி அடித்தாள். அவன் பல் விடவில்லை. தாடை உடைந்தது. அப்போதும் விடவில்லை. கண் இருந்த இடத்தில் அடித்தாள். எத்தனை அடி என்று தெரியாது. கை ஓய்ந்தபோது அவன் அசையவில்லை, முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஒரு சொட்டு ரத்தமும் இல்லை.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. சீரோ அழுதான். கண்ணீர் இல்லாத அழுகை. உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருந்தது, அதைத் தொட்டதும் அவளுக்கு வேறு எல்லா பயமும் போய்விட்டது. மாடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"அம்மா, எடுத்தது தப்பு. என்னோடத எல்லாம் எடுத்துக்கோ. இவன விட்டுடு," என்றாள்.

குழந்தையை மார்பில் வைத்தாள். பால் வந்தது. அவள் கண்ணிலிருந்து, நாக்கிலிருந்து, முட்டியிலிருந்து, எங்கெங்கிருந்தோ வடிந்து வந்தது. சீரோ குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். மடக், மடக். தன் விரல்கள் சுருங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலித்தது. அவன் கன்னத்தில் நிறம் திரும்பியது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம் அவன் பிறந்த அன்றைக்குக்கூட இல்லை.

விடிந்து வெயில் ஏறிய பிறகு ஒரு லாரி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள்.

"ஐயோ, இங்க பாரு. புள்ளைக்கு உசிரு இருக்கு."

"எப்படிடா? இவ காய்ஞ்சு சருகாக் கெடக்குறா."

"பால் இருந்திருக்கு. பாரு, வாயெல்லாம் பால்."

குழந்தையை அவர்கள் தூக்கினார்கள். நான் இருக்கிறேன், கொஞ்சம் தண்ணீர், என்றாள் நெலிதா. அவர்களுக்குக் கேட்கவில்லை. ஒருவன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான். மத்தியானம் போலீஸ்காரர்கள் வந்து, இரண்டு ஆண்களையும், கடைசியாகச் சுவரோரம் கிடந்த எதையோ தார்ப்பாயில் சுற்றியும் வண்டியில் ஏற்றினார்கள். அவள் கடைசி வரை பார்த்தாள். வண்டி போய்விட்டது. அவள் அங்கேயே இருந்தாள், சுவரில் சாய்ந்தபடி, தொண்டை எரிய.

மறுநாள் அந்த லாரிக்காரன் திரும்ப வந்தான். "உன் பையன் நல்லா இருக்கான்மா," என்று சொல்லி அவள் காலடியில் ஒரு பாட்டிலை வைத்தான். அடுத்து ஒரு பஸ் நின்றது. அப்புறம் தினமும் யாராவது. இப்போது அறுபது எழுபது பாட்டில்கள், விரல் நீட்டினால் படும் தூரத்தில், வெயிலில் பளபளத்துக்கொண்டு. அவளுக்கு நீட்ட விரல் இல்லை. இன்று காரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள், வயிற்றில் பிள்ளை. அவள் மண்டியிட்டு, உதடு அசைய வேண்டிக்கொண்டு, நிறைந்த பாட்டிலை மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள். எழுந்தவள் மறுபடி குனிந்து, சிந்திவிடக் கூடாதே என்று மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கிவிட்டுப் போனாள்.