நாகேந்திரத்தாரின் நீலப் பை

சனிக்கிழமை காலை ஹமீமா கடைக்குள் வந்தபோது மஷூர் ஒரு குடைக் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளவத்தை காலி வீதியில் குடையும் பையும் திருத்துகிற கடை அது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் நடைபாதையில்தான் நிற்க வேண்டும்.

மூலை ஸ்டூலில் பேப்பரும் கையுமாக இருந்தவர் நமசிவாயம். கோட்டை ரெயில் நிலையத்தில் தொலைந்த பொதிகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவர். பாமன்கடையில் தனியாக இருந்தார். அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உடனே மஷூர் கடையைச் சாத்திவிட்டு அவர் பின்னால் ஓடுவார். வியாபாரம் உருப்படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"ஐயா, எங்கட அனெக்ஸில ஈக்கிற நாகேந்திரம் ஐயாட சாமான் ஒண்டக் காணல்ல," என்றாள் ஹமீமா. "சுவிஸ்ல இருந்து மகன் அனுப்பின நீல ஸ்லீப்பிங் பாக். நேத்து வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்தா இல்லையாம். பூட்டுக்கு இன்னொரு சாவி றஞ்சிதத்திட்ட ஈக்கி. எங்கட மனுசன் அவளத்தான் சொல்றார்."

"பொலிஸில சொன்னதோ?"

"நாகேந்திரம் ஐயா வேணாம், விட்டிடுங்கோ எண்டுதான் சொல்றார். கரச்சல் அதில்ல. திங்கக்கிழமை றஞ்சிதத்திட பொலிஸ் பதிவு முடியிது. வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கணும். கள்ளிக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது எண்டு கேக்கிறார் இவர்."

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம் அது. வடக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கொழும்பில் அந்தக் கையெழுத்து இல்லையென்றால் தலைசாய்க்க இடம் இல்லை. றஞ்சிதம் கிளிநொச்சியிலிருந்து ஒற்றை ஆளாக வந்தவள். ஹமீமா வீட்டில் சமையல், வீட்டோடு ஒட்டிய வாடகைப் பகுதியான அனெக்ஸில் கூட்டித் துடைக்கிற வேலை. திரும்பிப் போவதற்கு அவளுக்கு வீடு என்று ஒன்று மிச்சம் இருக்கவில்லை.

மஷூர் குடைக் கம்பியைக் கீழே வைத்தார். அந்த நீலப் பையை அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று கிழமைக்கு முன்னால் சுவிஸிலிருந்து வந்த ஒருவர் பெரிய பெட்டி ஒன்றை நாகேந்திரத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மனிதர் கால் தரையில் பாவவில்லை. மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டும் பை இரண்டு, பூட்ஸ் இரண்டு சோடி, நெற்றியில் கட்டுகிற லைட் இரண்டு, ஒரு கூடாரம், உள்ளங்கை அளவு காஸ் அடுப்பு. அதோடு மெத்தையும் போர்வையும் ஒன்றாகத் தைத்த ஸ்லீப்பிங் பாக் இரண்டு, சிவப்பு அவருக்கு, நீலம் மகனுக்கு. விசிறியைக் கூட்டி வைத்தாலும் வியர்த்து வடிகிற ஊரில் அவர் அதற்குள் புகுந்து, கழுத்துவரை சிப்பை இழுத்துக் காட்டுவார். பாண்காரனுக்குக் காட்டினார். தபால்காரனுக்குக் காட்டினார். சந்துபோல ஒடுங்கிய அந்த ஒழுங்கையின் முனைக் காவலரண் சிப்பாய்க்கும் காட்டினார்.

"இருபதாம் திகதி மகன் வாறான். ரெண்டு பேரும் சிவனொளிபாத மலை ஏறப் போறம்," என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். "சின்னனில கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேட்டவன். எனக்கு லீவு கிடைக்கேல்ல. இப்ப அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போறான்."

முதல் தரம் மஷூர் வாய் பிளந்து பார்த்தார். இரண்டாம் தரம் தொழில்காரன் கண்ணோடு தையலைப் பார்த்தார். போன திங்கட்கிழமை, நாகேந்திரத்தார் மலையேறும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்றாம் தரம் கடைப்பக்கம் வருவதைக் கண்டதும், மெஷினுக்கு அடியில் குனிந்து ஊசி தேடுகிற பாவனையில் இருந்துவிட்டார். கிழவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். மஷூர் இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஹமீமாவோடு அங்கே போனபோது, ஒழுங்கை முனையில் நமசிவாயம் நின்று சிப்பாயோடு சிங்களத்தில் கதைத்தார். சிப்பாய் சிரித்தான். அந்த நீலப் பை கடைசியாக உள்ளே போனபோது நாகேந்திரம் அங்கிள் அதை மணல்மூட்டைமேல் விரித்தே காட்டினாராம், அதன்பிறகு வெளியே அது வரவேயில்லையாம். ஒரு பாண் பையைக்கூடத் திறந்து பார்க்காமல் தாங்கள் விடுவதில்லை என்றும் சொன்னான். ஒழுங்கையின் மற்ற முனையில் ரெயில் பாதையும் கடலும். அங்கேயும் ஒரு காவலரண் இருந்தது.

நாகேந்திரத்தார் கதவைத் திறந்தார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர், மனைவி காலமாகி ஆறு வருடம். மூன்று கிழமையாகப் பூரித்துக் கிடந்த முகம் ஒட்டிப்போயிருந்தது.

"ஏன் உங்களுக்குச் சிரமம்? போனது போகட்டும்," என்றார். ஆனாலும் இரண்டு பேர் தேடி வந்திருப்பதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. அவசரமாகத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

சாமான்கள் மூலையில் அடுக்கியபடி இருந்தன. லைட், அடுப்பு, பூட்ஸ், சிவப்புப் பை, எல்லாம் இருந்தன. மஷூர் சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். "ஐயா, இதுக்குள்ளால கொக்கத்தடி போட்டு இழுத்திருக்கேலும்!" என்றார். நமசிவாயம் சன்னல் பக்கம் திரும்பவேயில்லை. கதவுக்குப் பின்னால், பிளாஸ்ரிக் உறையில் போட்டு ஆணியில் தொங்கிய பொலிஸ் பதிவுப் படிவத்தைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். வெள்ளவத்தைத் தமிழர் வீடு எதிலும் அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். எந்த நேரமும் தட்டி, வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள். முதல் வரியில் நாகேந்திரத்தாரின் பெயர் மட்டும் இருந்தது. இரண்டாம் வரியில் றப்பரால் தேய்த்த தடம். ஓரத்தில் சின்னதாக ஒரு சுருக்கொப்பமும் 5.2.97 என்ற திகதியும்.

முன்பு அந்த வரியில் பென்சிலால் யோகநாதன் என்று எழுதியிருந்தது மஷூருக்கு ஞாபகம் வந்தது. வருகிற மகனின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன் என்று கிழவர் பெருமையாகக் காட்டியிருந்தார்.

நமசிவாயம் மெல்ல வந்து இரண்டாவது கட்டிலில் உட்கார்ந்தார். விரிப்புக்குக் கீழே ஏதோ மெத்தென்று இருந்ததுபோல ஆள் ஒரு சாண் பதிந்தார்.

"ஐயையோ, அதில இருக்காதேங்கோ! மகனுக்கு விரிச்சது," என்று பதறினார் நாகேந்திரத்தார்.

நமசிவாயம் எழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வாசலில் விளக்குமாறோடு ஒதுங்கி நின்ற றஞ்சிதத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, இந்தக் கட்டில்களை ஆர் விரிக்கிறது?"

"நான்தான் ஐயா. ஒவ்வொரு நாளும்," என்று அவள் நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் ஹமீமாவையும் றஞ்சிதத்தையும் வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு நாற்காலியை இழுத்து நாகேந்திரத்தாருக்கு முன்னால் போட்டார்.

"அண்ணை, விக்கிறதுக்குக் களவெடுக்கிறவன் லைட்டையும் அடுப்பையும் விட்டிட்டு, கொழும்பில ஒருத்தருக்கும் உதவாத ஒண்டை எடுக்கமாட்டான். ரெண்டு பக்கமும் காவலரண். அந்தப் பொதி ஒழுங்கையை விட்டு வெளியில போகேல்ல. தன்ர சாமான் துலைஞ்ச மனிசன் தேடவேண்டாம் எண்டு சொல்லுறார். இதெல்லாம் முதலே யோசிச்சதுதான். இஞ்ச வந்து அந்தப் படிவத்தைப் பாத்தன்."

நாகேந்திரத்தார் கதவுப் பக்கம் பார்த்தார்.

"ஊருக்கு மகன் வாறான் எண்டு சொல்லலாம். ஆனா வராத ஆளின்ர பேரைப் பொலிஸ் படிவத்தில விட்டுவைக்க எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் துணிவு வராது. ஆள் எங்கை எண்டு கேட்டா என்ன சொல்லுறது? அதுதான் அழிச்சிருக்கிறியள். கச்சேரிப் பழக்கம், அழிச்ச இடத்தில ஒப்பமும் திகதியும் வைச்சிருக்கிறியள். பை துலைஞ்சது வெள்ளி, ஏழாம் திகதி. பேர் அழிஞ்சது புதன், அஞ்சாம் திகதி. புதன்கிழமை கடிதம் வந்ததோ அண்ணை?"

தேநீர்த் தண்ணீர் கொதித்துச் சிந்தியது. மஷூர்தான் போய் அடுப்பை நிறுத்தினார்.

"வேலை மாறிட்டானாம்," என்றார் நாகேந்திரத்தார். "இந்த வருசம் லீவு இல்லையாம். அடுத்த வருசம் பாப்பமாம். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் தம்பி. பாண்காரனுக்கும் சொல்லிப்போட்டன். மகன் வரேல்ல எண்டு எந்த முகத்தோட சொல்லுறது? சாமான் களவு போட்டுது, அதால பயணம் நிண்டு போச்சு எண்டு சொன்னா அவனில ஒருத்தரும் பிழை பிடிக்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

"றஞ்சிதத்துக்குத் திங்கக்கிழமை கையெழுத்து இல்லை எண்டு தெரியுமோ?"

"ஆர் சொன்னது? நான் அந்தப் பிள்ளையின்ர பேரே எடுக்கேல்லயே!"

"நீங்கள் எடுக்கேல்ல. அவளிட்ட இருந்த சாவி எடுத்துது," என்றார் நமசிவாயம். "நான் ஹமீமாவுக்குச் சொல்லலாம். ஆனா நீங்கள் சொல்லுறதுதான் முறை."

நாகேந்திரத்தார் எழுந்தார். மகனுக்காக விரித்த கட்டிலின் விரிப்பைத் தானே விலக்கினார். மெத்தைக்கு மேல் நீலப் பை நேர்த்தியாக விரிந்து கிடந்தது, சிப் கழுத்துவரை பூட்டியபடி. அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, கதவைத் திறந்து, எல்லார் முன்னாலும் நின்றார்.

"ஹமீமா, களவு போகேல்ல. நான்தான் ஒளிச்சனான். மகன் வரேல்ல," என்றார். பிறகு றஞ்சிதத்திடம் திரும்பினார். "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்."

றஞ்சிதம் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும் ஐயா. பின்னேரம் கட்டில் விரிக்கேக்க கண்டனான்."

"பிறகேன் பிள்ளை வாய் திறக்கேல்ல? உன்ர கையெழுத்தெல்லோ போகப் பாத்தது!" என்றார் நாகேந்திரத்தார்.

"அழிச்ச இடத்தையும் கண்டனான். கிளிநொச்சியில அரிசி வாங்கிற கூப்பன் அட்டையில, இல்லாமப் போன என்ர பெடியன்ர பேரை நானே அழிச்சுக் குடுத்தனான் ஐயா. பிறகு ஆர் கேட்டாலும் அவன் வெளியில நிக்கிறான் எண்டுதான் கன நாளாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். ஒருத்தரும் என்னைப் பொய்க்காரி எண்டு சொல்லேல்ல. உங்களை நான் எப்பிடிச் சொல்லுறது?"

ஹமீமா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். தன் புருஷனை எழுப்பி அவள் போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் கையெழுத்து விழுந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை கடைக்குத் திரும்பி நடக்கும்போது, இன்னொரு மர்மம் துலங்கிற்று என்று குதிக்கிற வழக்கமான உற்சாகம் மஷூரிடம் இல்லை. மெஷினுக்கு அடியில் ஊசி தேடிய கதையை நமசிவாயத்திடம் சொன்னார். நமசிவாயம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அவர் கதவைத் தட்டேக்க நானும் ரெண்டு தரம் வீட்டில ஆள் இல்லாத மாதிரி இருந்தனான்," என்றார்.

அடுத்த வியாழக்கிழமை மஷூர் அரை மணி முந்திக் கடையைச் சாத்திவிட்டு ஒழுங்கைக்குள் போனார். நாகேந்திரத்தார் தனியே இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாமான்கள் எல்லாம் பெட்டிக்குள் போய், பெட்டியும் கயிற்றால் கட்டியாகிவிட்டது.

"ஐயா, அந்த நெத்தி லைட்ட ஒருக்காக் காட்டுங்களே," என்றார் மஷூர்.

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "நீர்தான் ரெண்டு தரம் பாத்தனீரே?"

"ஓம் ஐயா," என்றார் மஷூர், கயிற்று முடிச்சை அவிழ்க்கக் குனிந்தபடி. "சரியாப் பாக்கல்ல."