கழற்றிய கேபிள்

ஆறரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்து சோதனைக்கூடத்துக் கருவிகளோடு இணைந்தேன்.

வீட்டிலிருந்தே கருவிகளை இயக்கும் ஏற்பாடு நான் கொண்டுவந்தது. முன்பெல்லாம் கணினியிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் விரல் தடிமனில் ஒரு கேபிள் போகும். கருவியைத் தொடுபவர் முதலில் அதைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அது கழுத்தில் இருக்கும்வரை கணினியிலிருந்து யாரும் கரண்ட் ஏற்ற முடியாது. என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. அவள் அப்படி வந்து நின்றால் மேற்பார்வையாளர், "டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்துட்டாங்கப்பா" என்பார்.

எல்லாவற்றையும் வயர்லெஸ்ஸுக்கு மாற்றினேன். கேபிள்களை நானே மூட்டை கட்டினேன்.

போன மாதம் ஒருநாள் ஐயாயிரம் வோல்ட் சோதனை. பத்து நிமிடம் ஏறி நிற்கும், இரண்டு நிமிடம் ஓயும், மறுபடி ஏறும். நிறுத்தச் சொல்லி அவள் போன் செய்தாள். நான் திரையில் அந்தப் பக்கத்தை மட்டும் மூடினேன். புரோகிராம் அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நிறுத்திட்டேன்" என்றேன்.

அது ஓய்கிற இரண்டு நிமிடம்.

விசாரணையில் கருவிப் பழுது என்று சொன்னேன். மாமனாரிடமும் அதையே. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க மாப்ளே" என்றார்.

இன்று ஒன்பது பத்துக்குத் திரையில் ஒரு வரி வந்தது. அவளுடைய மேஜைக் கருவி.

முன்பக்கப் பட்டன் அழுத்தப்பட்டது.

மேற்பார்வையாளரை அழைத்தேன்.

"சார், அவ மேஜைகிட்ட யாரு நிக்கறா?"

"யாருமில்லப்பா. ரூம் சீல் வெச்சது வெச்சபடி கெடக்கு."

"மெஷின் ஆன்ல இருக்கே."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ப்ளக்கை அன்னிக்கே நான் புடுங்கிட்டேனேப்பா."

என் அறையில் வயர் கருகும் வாசனை.

மறுபடி அழுத்தப்பட்டது.

மறுபடி.

அன்று அனுப்பாத 'நிறுத்து' கட்டளையை அனுப்பினேன். கருவி ஏற்கவில்லை.

என் கழுத்தில் ஏதோ வந்து கனத்தது. விரல் தடிமன். சில்லென்று இருந்தது.

நான் குனிந்து பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தேன். வோல்ட் பூஜ்யம். அன்றும் அவள் முன்னால் அதே பூஜ்யம்தான். போனில் அவள் கடைசியாகச் சொன்னது:

"ஜீரோதான் காட்டுது. நீங்க சொன்னா சரி. கை வைக்கிறேன்."