சாமியார் வயிற்றில் பாட்டு

அமதேயு வாயே திறக்கவில்லை. ஆனாலும் பீப்பாய்க்கு வெளியே அவனுடைய அக்கா பெல்மிரா எதிர்ப்பாட்டு பாடிக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கிற துரைக்கு ஊரெல்லாம் இளப்பம்,
உக்காந்து தேய்க்கவே ஊருப்பட்ட சிணுக்கம்."

பாடிவிட்டுத் தானே சிரித்தாள். பிறகு நிறுத்தினாள். ஒரு ஆள் ஓர் அடி பாட எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் அடுத்ததை எடுத்தாள். இவளுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அமதேயு சுரண்டுவதைத் தொடர்ந்தான்.

டோரோ ஆற்றங்கரையில் பாடாமல் யாரும் பெரிய பீப்பாய்க்குள் இறங்குவதில்லை. ஒயினை வடித்த பிறகு அடியில் கெட்ட காற்று தங்கும். அதற்கு மணமும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. அதனால் உள்ளே சுரண்டுகிறவன் ஓர் அடி பாட வேண்டும், வாசலில் நிற்பவர் அவனைக் கிண்டலடித்துப் பதிலடி பாட வேண்டும். உள்ளேயிருந்து பாட்டு வருகிறவரை ஆள் நன்றாக இருக்கிறான். நின்றால் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார்கள்.

இதெல்லாம் ஆடு மேய்க்கிறவர்களின் வித்தை என்பது அமதேயுவின் கருத்து. அவனுடைய கருத்தில் தப்பியவர்கள் யாருமில்லை. அப்பா இறந்ததும் லிஸ்பனிலிருந்து வந்து இறங்கியவன், திராட்சைத் தோட்டத்தைச் சரிவு என்றான், வீட்டைக் குகை என்றான். ஒயின் ருசிக்க வரும் வெளியூர்க்காரர்கள் கோப்பையைச் சுழற்றி, பழைய தோல் வாசனை வருகிறது, புகையிலை வாசனை வருகிறது என்று கண்ணை மூடினால், செருப்புக் கடைக்கே போயிருக்கலாமே என்று அவர்கள் காதில் விழும்படி சொல்வான். தன் வீட்டு ஒயினை அவன் விழுங்கியதே இல்லை. நாக்கில் வைத்துத் துப்பிவிடுவான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி. அந்த முயலும் லிஸ்பனில்தான் இருந்தது, இங்கே யாரும் பார்க்கவில்லை.

நிலவறைச் சாவி மட்டும் பெல்மிராவிடம் இருந்தது. சாராயம் சேர்த்துப் பழசாக்கப் போட்டிருக்கும் இனிப்பு ஒயின்கள் அங்கே சின்னப் பீப்பாய்களில் உறங்கின. அமதேயு பிறப்பதற்கு முன்பிருந்தே உறங்கியவை அவை. அத்தனை மரத்தையும் அடுப்புக்கு அனுப்பிவிட்டு எஃகுத் தொட்டிகளை நிறுத்த வேண்டும் என்பது அவன் திட்டம். அவளோ சாவியைக் கழுத்தில் கோத்துக்கொண்டு தூங்கினாள்.

சிவப்பு ஒயினுக்கான பெரிய பீப்பாய்க்குச் சாமியார் என்று பெயர். ஓர் அறை அளவு இருக்கும் அதன் வயிறு. வழக்கமாக உள்ளே இறங்கும் ஃபிர்மினோ இந்தக் குளிர்காலத்தில் படியில் விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டிருந்தான். யார் சுத்தம் செய்வது என்று மதியம் சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தபோது, காற்றடிக்கும் விசிறியை வைத்துவிட்டால் குருடன்கூட இறங்கலாம், பாட்டாம் பாட்டு என்று அமதேயு சிரித்தான். பெல்மிரா கருவாட்டு முள்ளை வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"அப்ப நீயே இறங்கு. பாடாமச் சுத்தமாச் சுரண்டிட்டு வா, சாவிய ஒன் கையில குடுக்கிறேன். ஒரு அடி பாடினாலும் நீ தோத்தே. அப்புறம் என் பீப்பாய்ப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது."

பாடாவிட்டால் அவன் மூச்சோடு இருப்பது எப்படித் தெரியும் என்று ஃபிர்மினோ கேட்டான். விளக்கு வெளிச்சம் அசைகிறதா என்று வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றாள் அவள். என்ன இருந்தாலும் தம்பி.

இப்போது அவள் ஆட்டத்தைக் கலைக்கிறாள். அமதேயுவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. அவன் பாடியதாகப் பாவனை செய்து பதில் பாடுகிறாள், பக்கத்து அறையில், சுத்தமானதும் பீப்பாயில் ஒயினை நிரப்பும் பம்புக்கு அருகே உட்கார்ந்திருக்கும் ஃபிர்மினோவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, தோற்றுவிட்டாய் என்று சொல்லப்போகிறாள். கத்தினால் அதையும் பாட்டு என்பாள். படிக்காத ஜென்மத்தின் தந்திரம். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

உள்ளே ஈர ஓக் மரமும் புளித்த திராட்சையும் அவற்றுக்கு அடியில் என்னவென்று சொல்ல முடியாத ஓர் இனிப்பும் கலந்து மூக்கில் ஏறின. கைவிளக்கின் ஒளியில் பலகை முழுதும் ஒயின் உப்பு சிவப்புக் கற்கண்டாகப் படிந்து மினுங்கியது. சுரண்டியை இழுத்தால் அது சடசடவென்று உதிர்ந்து அடியிலிருந்த கசடில் விழுந்தது. வெளியே பிப்ரவரி மழை ஓட்டின் மேல் பெய்துகொண்டிருந்தது, ஆனால் இங்கே வந்து சேரும்போது அந்தச் சத்தம் பக்கத்து வீட்டில் யாரோ மாவு சலிப்பதைப்போல ஒடுங்கியிருந்தது. பெல்மிரா அடுத்த அடியைப் பாடினாள், நிறுத்தினாள்.

அந்த இடைவெளியில் பலகை அதிர்ந்தது.

சுரண்டியைப் பிடித்த கையில் இல்லை. நிலை தடுமாறாமல் இருக்க வெறுமனே ஊன்றியிருந்த இடது உள்ளங்கையில்தான் அதை உணர்ந்தான். மெலிதான அதிர்வு, ஏறி இறங்கி, ஒழுங்காக. பம்பாக இருக்கும் என்று நினைத்தான். பம்பு இன்னும் ஓடவில்லை. பெல்மிரா பாடும்போது அதிர்வு நின்றது. அவள் நிறுத்தியதும் மறுபடி வந்தது. தன்னையே திட்டிக்கொண்டுதான் அவன் பலகையில் காதை வைத்தான்.

யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் மூக்கால் பாடும் குரல். ஒவ்வோர் அடியின் கடைசியிலும் லேசாக உடைகிற குரல். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு மட்டுமே அவன் பாடும் குரல் அது, பிறந்ததிலிருந்து ஒருவர் காதிலும் அதை அவன் விழ விட்டதில்லை. மரத்திலிருந்து வரவில்லை. மரத்தில் மோதி அவன் காதுக்கு வந்தது. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அவன் திரும்பினான். விளக்கைச் சுற்றிலும் பிடித்தான். வளைந்த பலகைகள், உப்பு, அவனுடைய நிழல். நிழல் ஒன்றுதான் இருந்தது. பயப்படுகிறவர்களைப் பார்த்து வாழ்நாள் முழுக்கச் சிரித்தவன் என்பதால், பயம் வரும்போது அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தோத்துட்டடா தம்பி," என்றாள் பெல்மிரா வெளியே. குரலில் குத்தல் இல்லை. "ஆனா இவ்வளவு நல்லாப் பாடுவேன்னு தெரியாமப் போச்சே. அப்பா கேட்டிருக்கணும்."

பந்தயம் எக்கேடும் கெடட்டும். நான் பாடவில்லை, காலைப் பிடித்து இழு என்று அமதேயு கத்தினான். உதடு அசைந்தது. மூச்சு வந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையில் கையை வைத்துக்கொண்டு மறுபடி கத்தினான், கழுத்து நரம்பு புடைத்தது, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சுரண்டியால் பலகையை ஓங்கி ஓங்கி அடித்தான். அது கேட்டது. அவள் அதற்கேற்பக் கைதட்டத் தொடங்கினாள். பம்பு அறையிலிருந்து ஃபிர்மினோவின் சிரிப்பும் சேர்ந்துகொண்டது, முதலாளிக்குத் தாளம்கூட வருதே என்று.

வாசலுக்குப் போய்விட வேண்டும். பீப்பாயின் முகப்பில் அடியோடு ஒட்டிய சின்ன வாசல், ஒரு தோளை முதலில் நுழைத்துத்தான் வெளியேற முடியும். நாலு எட்டுதான். ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. தவழ்ந்தான். கசடு விரல்களுக்கிடையே பிதுங்கியது.

வாசலில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

முதுகு தெரிந்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. முழங்கையில் லிஸ்பனில் அவன் மனைவி போட்டுக் கொடுத்த ஒட்டு. கையில் விளக்கு. அமதேயு தன் கையைப் பார்த்தான். விளக்கு இல்லை. எப்போது போனது?

பீப்பாயிலிருந்து வெளியே வருகிறவருக்குப் பழைய ஒயினில் ஒரு கோப்பை கொடுப்பது இந்த வீட்டு வழக்கம். பெல்மிரா கோப்பையை நீட்டினாள். ஒரு கை போய் வாங்கியது. விழுங்கும் சத்தம் கேட்டது. நிதானமாக, சொட்டு விடாமல்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா," என்றது அமதேயுவின் குரல். "இத்தனை நாளும் துப்பிட்டேன். சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்."

பெல்மிரா மூக்கை உறிஞ்சினாள். அப்பாவை அடக்கம் செய்ததற்குப் பிறகு அவன் அவளை அக்கா என்று அழைத்ததில்லை. அவள் அழுகிறாள் என்பது புரிந்தபோது அமதேயுவுக்கு ஆத்திரம் வந்தது. முட்டாள். முட்டாளே. அது நானில்லை. நான் எப்போதாவது உன்னிடம் அப்படிப் பேசியிருக்கிறேனா?

பேசியதில்லை. அதுதான் அவளுக்கு இனித்தது.

முதலில் ஒரு தோள் வெளியே போனது. பிறகு தலை. பிறகு இடுப்பு. அவனுடைய காலணிகள் கடைசியாகப் போயின. வாசலில் பகல் வெளிச்சம் விழுந்தது. தவழ்ந்தான். இன்னும் கொஞ்சம்தான். வெளிச்சம் விரலைத் தொட்டது. கதவை உள்ளிருந்து இழுத்துப் பொருத்த வேண்டும் என்பதால் பெல்மிராவின் கை உள்ளே வந்தது. சமையல் தழும்புகள் உள்ள கை. அதன் மணிக்கட்டைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான்.

"சீ, வழுக்குது," என்றாள் அவள். "அடியில கசடு இன்னும் கெடக்குடா."

"கெடக்கட்டும்க்கா. கொஞ்சம் இருந்தாத்தான் ருசி."

அவள் கையை உதறினாள். கதவு வந்து பொருந்தியது. வெளியே திருகைச் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொன்று. விளிம்பில் கொழுப்பைத் தடவும் விரலின் சத்தம்.

இருட்டு.

"முதலாளி," ஃபிர்மினோ பம்பு அறையிலிருந்து கேட்டான். "ஒயினத் தெறந்து விடட்டா?"

வேண்டாம் என்று அமதேயு தலையை ஆட்டினான். இருட்டில். யாருக்கும் தெரியாமல்.

"தெற," என்றது அவன் குரல்.

மேலே குழாய் இருமியது. சில்லென்று ஒயின் தோளில் கொட்டியது, முதுகில் வழிந்தது. அடியில் கூடியது. ஒயின் முழங்காலைத் தொட்டபோது அமதேயு பாடத் தொடங்கினான். முதல் அடியைப் பாடினான். காத்திருந்தான். மறுபடி பாடினான். வெளியே யாரும் எதிர்ப்பாட்டு பாடவில்லை.