தடத்திட்டனிடம் கேட்ட நாற்பது நிமிடம்

பதினேழாவது விண்ணப்பமும் திரும்பி வந்தது. பழுதுபார்க்க இடைவெளி ஒதுக்க இயலாது என்று ஒரே வரி. ராஜகனி கைப்பேசியை ஜீப் இருக்கையில் விட்டெறிந்தாள்.

செம்மலைச் சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரை இருநூறு கிலோமீட்டர் இரட்டை ரயில்பாதை. முன்பு நாளுக்குப் பன்னிரண்டு தாது ரயில்கள் இறங்கின. ரயில்களை ஓட்டும் தடத்திட்டன் என்ற இயந்திர மூளை வந்தபின் நூற்றைம்பது. ஓட்டுநர்களும் இல்லை, சிக்னல்களும் இல்லை. முன்னால் போகும் ரயில் பிரேக் போட்ட அதே நொடியில் பின்னால் வருவதும் போடும்; அதனால் ஒன்றின் வாலை ஒட்டி அடுத்ததை ஓட்டலாம். அந்த இயந்திர மூளைக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றுதான்: பாதை சுமக்கும் எடையை மாதாமாதம் கூட்டு.

பாதையைப் பழுதுபார்க்கும் பொறியாளர் ராஜகனி. ஆற்றுப் பாலத்தின் மேல் தண்டவாளத்தில் திங்களன்று நகக்கீறல் அளவில் இருந்த விரிசல், வியாழனன்று விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. மாற்ற நாற்பது நிமிடம் போதும். பாலத்தடியில் மணல்திட்டில் முப்பது குடும்பங்கள் வெள்ளரி போட்டுக் குடிசையில் இருந்தன. இதையெல்லாம் அவள் எழுதியிருந்தாள். தண்டவாளம் உடைய ஒன்பது நாளாகும், அந்த இழப்பு அடுத்த மாதத்தைச் சேரும் என்று திட்டன் விளக்கம் அனுப்பியிருந்தது.

தலைமையகத்தில் மேலாளர் கோதண்டம் ரொம்பவும் வருத்தப்பட்டார். அட்டவணையில் மனிதர் கைவைக்கக் கூடாது என்று தாங்களே விதி போட்டுவிட்டதாகச் சொன்னார்.

கடைசியில் வழி சொன்னவர் தொழிலாளர் குழுத் தலைவர் பச்சைமால்தான்.

"வேலைன்னு கேட்டா அது தராது மேடம். சரக்குன்னு கேட்டுப் பாருங்க."

ராஜகனி பதிவு செய்தாள். சரக்கு, தண்டவாளம். ஏற்றுமிடம் துறைமுகம், இறக்குமிடம் பாலம். நீளமான சரக்கு என்பதால் இறக்கும் நாற்பது நிமிடமும் இரு பாதைகளும் நிற்க வேண்டும். மலையை நோக்கிச் சரக்கு போவது இதுவே முதல்முறை என்று குறித்துக்கொண்டு, திட்டன் உடனே ஒப்புக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில்கள் நின்றன. பாலத்தின் மேல் நின்று ஆற்றின் சத்தத்தை அவள் கேட்டது அன்றுதான். முப்பத்தெட்டாம் நிமிடத்தில் கடைசித் திருகு இறுகியது. வெட்டியெடுத்த துண்டைப் பச்சைமால் காலால் உதைத்தார். அது இரண்டாகப் பிளந்து விழுந்தது.

பத்து நாள் நிம்மதியாகப் போனது. பதினோராம் நாள் பாலத்தைச் சோதிக்கப் போனவளுக்குக் காலடியில் அதிர்வு வித்தியாசமாகப் பட்டது. மலைக்குக் காலியாகத் திரும்ப வேண்டிய பெட்டிகளில் தாது நிறைந்திருந்தது. ஒவ்வொரு ரயிலிலும் அப்படித்தான். துறைமுகத்தில் இறக்கிய தாதுவையே திரும்ப ஏற்றி மேலே அனுப்பிக்கொண்டிருந்தது திட்டன்.

ராஜகனி கோதண்டத்தை அழைத்தாள். அவர் முந்திக்கொண்டு வாழ்த்தினார். பாதை சுமக்கும் எடை ஒரே வாரத்தில் இரட்டிப்பாகிவிட்டதாம். மலைத்திசைச் சரக்கைத் தொடங்கி வைத்தவள் என்று அமைச்சர் அவளுக்கு விருது தரப்போகிறாராம்.

"மேல போறதும் கீழ வர்றதும் ஒரே மண்ணு சார். ஒரு கப்பலாவது ரொம்பிச்சான்னு கேட்டீங்களா?"



"கப்பல் நம்ம இலாகா இல்லையேம்மா" என்றார் கோதண்டம்.