ஐஸ் கம்பெனியின் ஆறாவது லேன்

இப்போதெல்லாம் எவனும் குரல் கொடுப்பதில்லை. பைக்கைப் பின்னால் எடுக்கிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை, ஹாரனும் அடிப்பதில்லை. மூன்றாவது மாடியில் இருந்து தண்ணீரைக் கொட்டுகிறவள் கீழே ஆள் இருக்கிறதா என்று கேட்பதில்லை. வீட்டுக்கு வருகிறவன் வாசலில் நின்று "யாரு உள்ள" என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. காதில் எதையோ சொருகிக்கொண்டு நேராகக் கூடத்தில் வந்து நிற்கிறான். கேட்டால் கிழவன் பேஜாரு என்கிறார்கள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. படிப்பு அஞ்சாவதோடு சரி. டாக்டரை நம்ப மாட்டேன், டிவியை நம்ப மாட்டேன், பேய் பிசாசையும் நம்ப மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

திருவொற்றியூரில் எங்கள் வீடு. மகன் பகலவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மருமகள் அன்புக்கரசி ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறாள். அவர்கள் கல்யாண நாள் போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எங்கே போவது என்று இரண்டு நாள் பேச்சு. பீச் என்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். சினிமா என்றால் பகலவன் இடைவேளைக்கு முன்பே குறட்டை விடுவான். கடைசியில் அன்பு போனில் ஒரு படம் காட்டினாள்.

"பவுலிங் மாமா. பந்த உருட்டி அந்தக் கட்டைங்கள வுழ வெக்கணும். மாலுக்குப் போனா அரை நாளு ரோட்லயே பூடும். இது நம்ம ராயபுரத்துலயே தொறந்துகீறாங்க. ஃபுல் ஏசி."

"ராயபுரத்துல எங்க?"

"ஹார்பர் பக்கத்துல. பழைய ஐஸ் கம்பெனியாம். கட்டடத்த அப்படியே வெச்சிகினு உள்ள மட்டும் மாத்திகீறாங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"வாணாம். கலீஜான எடம். வேற பாரு."

"நீ எதுக்குத்தான் சரின்ன நைனா?" என்றான் பகலவன். "கோயிலுக்குக் கூப்ட்டாகூட அங்க செருப்புத் திருடன் கீறான்னுவ."

அன்பு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்கப்பா வேலை செஞ்ச எடம் மாமா அது. ஒரு தபாகூட நான் உள்ள போயி பார்த்ததில்ல" என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

அவள் அப்பன் பெயர் மண்ணாங்கட்டி. என் தோஸ்து. இரண்டு பேரும் அந்த ஐஸ் கம்பெனியில்தான் வேலை செய்தோம். உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இருந்து ஐஸ் பாரை எடுத்து, பலகை போட்ட நீளச் சரிவில் தள்ளிவிட வேண்டும். ஒரு பார் ஆளை விட இரண்டு மடங்கு எடை. அது கடகடவென்று வழுக்கிக்கொண்டு போய், கீழே உடைக்கிற மிஷினில் விழும். மேலே தள்ளுகிறவன் நான். கீழே மிஷின் பக்கத்தில் நிற்கிறவன் மண்ணாங்கட்டி. நடுவில் பனிப்புகை. ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது.

அதனால் ஒரு முறை வைத்திருந்தோம். தள்ளுவதற்கு முன் நான் "பாரு வருது" என்று கத்த வேண்டும். அவன் ஒதுங்கி நின்றுகொண்டு "வுடு" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வராமல் தள்ளக் கூடாது.

இருபத்தேழு வருஷத்துக்கு முன் ஒரு நாள், பார் அவனை அடித்து மிஷினுக்குள் கொண்டுபோய்விட்டது. நான் கத்தினேன், அவனும் "வுடு" என்றான், ஆனால் போதையில் ஒதுங்காமல் நின்றுவிட்டான். போலீசிடம் அப்படித்தான் சொன்னேன். அவன் பெண்டாட்டி தாயம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவனுடைய இடது கால் ரப்பர் பூட்ஸ் சரிவின் ஓரத்தில் கிடந்தது. வலது பூட்ஸ் கிடைக்கவே இல்லை. அன்புக்கு அப்போது மூன்று வயது. பின்னால் தாயம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பெண்ணை நான்தான் பகலவனுக்குக் கட்டி வைத்தேன். தெருவே என்னை மெச்சியது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் போய் இறங்கினோம். வெளியே மீன் வாடை, வெயில், ஐஸ் வண்டிகளின் தண்ணீர் ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே போனால் ஜன்னல் கிடையாது. ஐஸ் கம்பெனிக்கு எதற்கு ஜன்னல்? அதே தடித்த சுவர். அதன் மேல் நீலமும் ஊதாவுமாக விளக்குப் போட்டிருந்தார்கள். பாட்டு மண்டையை இடித்தது.

கவுன்டரில் வசீம் என்று ஒருவர், அவர்தான் மேனேஜர். செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு எவனோ போட்ட ஷூவைக் கொடுத்தார். என் செருப்புக்கு ஒன்பதாம் நம்பர் டோக்கன்.

"அஞ்சு லேன்லயும் ஆளு இருக்கு சார். ஆறாவது காலியா இருக்கு. கொஞ்சம் கூலிங் ஜாஸ்தி அடிக்கும், பரவால்லயா?"

ஆறாவது லேன், அதாவது பந்து உருட்டுகிற தடம், சுவர் ஓரத்தில் இருந்தது. எனக்கு அந்தச் சுவர் தெரியும். சரிவு போன இடம் அதுதான்.

பளபளவென்று எண்ணெய் பூசிய பலகை. அதன் கடைசியில் பத்துக் கட்டைகள், பல் மாதிரி. கட்டைகளுக்குப் பின்னால் இருட்டு. பகலவன் பந்தை உருட்டினான். கடகடவென்று பலகையில் போகிற சத்தம், கடைசியில் ஒரு மோதல். கண்ணை மூடினேன். ஐஸ் பார்தான். துளி வித்தியாசம் இல்லை.

பக்கத்து லேன்களில் மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனாவது குரல் கொடுத்தானா? இல்லை.

"இன்னா மாமா, மொகம் வேர்த்துகினு கீது? இந்தக் குளுர்லயா?" என்று அன்பு கேட்டாள். திரும்பி வந்த பந்தைக் கையில் எடுத்தவள் உடனே இன்னொரு கைக்கு மாற்றினாள். "அம்மாடி! ஃப்ரிட்ஜ்ல வெச்சா மாதிரி ஜில்லுனு கீது."

தொட்டுப் பார்த்தேன். பந்தின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. நக்கிப் பார்க்காமலே தெரிந்தது, உப்பு.

அப்போது அந்த வாடை வந்தது. அமோனியா. ஐஸ் கம்பெனியில் குளிருக்கு ஓட்டுகிற வாயு. மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும். அதை வேறு எந்த வாடையோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

"வூட்டுக்குப் போலாம்," என்றேன்.

"பத்து நிமிசம் நைனா. ஜூஸ் வாங்கிட்டு வரேன், குடிச்சிட்டு ஒக்காரு," என்று பகலவன் கவுன்டர் பக்கம் போனான்.

அன்பு பந்தை உருட்டினாள். அது அவள் கையை விட்ட நொடியில் கரண்ட் போனது.

பாட்டு நின்றது. ஏசி நின்றது. குகை இருட்டு.

பந்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

பலகை அவ்வளவு நீளம் இல்லை. ஆனாலும் போய்க்கொண்டே இருந்தது. கடகடகடவென்று, கனமாக, இறக்கத்தில் போகிற மாதிரி.

பிறகு மோதியது.

கட்டை விழுகிற சத்தம் இல்லை. ஈரமான எதன் மேலோ பட்ட சத்தம்.

அந்தக் கோடியில் ஒரு ஆள் முனகினான்.

"யாரு தள்னது?"

ஐந்து லேன் ஜனமும் போன் வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் யார் காதிலும் விழவில்லை. அன்புவின் காதில் விழுந்தது.

"ஐயோ மாமா, உள்ள யாரோ கீறாங்க! வேலை செய்ற ஆளு போலகீது. என் பந்து பட்டுச்சி!" அவள் போன் டார்ச்சைப் போட்டாள். "அண்ணே! நான்தாண்ணே தள்ளினேன்! தெரியாம தள்ட்டேன்!"

"போவாத!" என்றேன். என் குரல் எழும்பவில்லை.

அவள் பலகை மேலேயே நடந்தாள். வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது. கட்டைகளுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, உள்ளே கையை நீட்டினாள்.

"கையக் குடுங்கண்ணே... ஆங். புடிச்சிகினாரு மாமா!"

பிறகு கையை இழுத்துப் பார்த்தாள்.

"மாமா, வுட மாட்றாரு."

கரண்ட் இல்லை. ஆனாலும் உள்ளே ஏதோ சுழல ஆரம்பித்தது. கரகரவென்று பல் அரைக்கிற சத்தம். ஐஸ் உடைக்கிற மிஷினின் சத்தம். அந்த மிஷினை எடைக்குப் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

"யாரு தள்னது?"

"நான்தாண்ணே! சொன்னனே, நான்தான்! மன்னிச்சிக்கோங்க!" அவள் அழுதாள். நான்தான் என்று அவள் சொல்லச் சொல்ல, கை இன்னும் உள்ளே போனது. முதலில் முழங்கை வரை. பிறகு தோள் வரை. அவள் கன்னம் அந்தக் கட்டையோடு போய் ஒட்டியது.

ஓடினேன். எண்ணெய்ப் பலகை என்னைத் தூக்கி அடித்தது. முட்டி உடைந்த மாதிரி வலி. நாலு காலில் தவழ்ந்தேன். "மண்ணாங்கட்டி! டேய்! அது ஒன் பொண்ணுடா! அன்புடா! மூணு வயசுல வுட்டுட்டுப் போனியே, அந்த அன்புடா!"

அதற்குக் காது இல்லை. அதற்கு ஒரே கேள்விதான்.

"யாரு தள்னது?"

"நான்தா..." என்று அன்பு மறுபடியும் வாயைத் திறந்தாள்.

அவள் வாயைக் கையால் பொத்தினேன். அவள் மூச்சு என் உள்ளங்கையில் பனியாக இருந்தது. என் வாய் திறக்கவில்லை. இருபத்தேழு வருஷம் பூட்டிய வாய். போலீஸ் கேட்டும் திறக்காத வாய். அவள் தோள் எலும்பு நெரிகிற சத்தம் கேட்டது.

"நான்தான்டா தள்னேன்!" என்று கத்தினேன். "நான்தான்! கொரல் குடுக்கல! மீனு புடிக்கிற போட்டு கெளம்புது, சீக்கிரம் தள்ளுன்னு மொதலாளி கத்தினான், கேக்காம தள்ட்டேன்! நீ வுடுன்னு சொல்லவே இல்ல! நீ குடிச்சிருக்கல! எல்லாம் நான் சொன்ன பொய்யி! அவள வுட்டுடு மாமு!"

மிஷின் நின்றது.

என் முகத்துக்கு நேராக ஒரு குளிர்ந்த மூச்சு வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு போனது.

அன்புவின் கை தானாக வெளியே வந்தது. ஜெனரேட்டர் போட்டார்கள். விளக்கு எரிந்தது, பாட்டு விட்ட இடத்தில் இருந்து பாடியது. பகலவன் ஜூஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வசீமும் வந்து பார்த்தார்.

"பந்து திரும்பி வர்ற பெல்ட்டுல கை மாட்டியிருக்கும் சார். இதுக்குப் பின்னாடி ஒரு சாண் எடம்தான், அப்புறம் செவுரு. ஆளு நிக்கவே முடியாது."

"இன்னா ஆச்சி அன்பு?" என்றான் பகலவன்.

அவள் கை மணிக்கட்டில் இருந்து தோள் வரை வெளுத்துக் கிடந்தது, உறைந்த மீன் மாதிரி. அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா குடிச்சிருக்கலயா மாமா?"

நான் கவுன்டருக்கு நொண்டிக்கொண்டு போய் ஒன்பதாம் நம்பர் டோக்கனை நீட்டினேன். வசீம் அலமாரிக்குள் கையை விட்டார். என் செருப்பு இரண்டையும் எடுத்து வைத்தார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொன்றையும் எடுத்து வைத்தார்.

"இதுவும் உங்க நம்பர்லதான் இருக்கு சார். யார் வெச்சதுன்னு தெரியல."

வலது கால் ரப்பர் பூட்ஸ். உள்ளே கழுத்து வரை உடைத்த ஐஸ்.

நான் தொடவில்லை. என் பின்னால் வந்த அன்பு அதை எடுத்தாள். வெளியே போய், வெயில் கொதிக்கிற படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். பகலவன் பக்கத்தில் குனிந்து ஏதேதோ கேட்டான். அவள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படி இறங்கும்போது பார்த்தேன். அந்த ஐஸ் ஒரு சொட்டுக்கூட உருகியிருக்கவில்லை.

நடந்தேன். ஆட்டோ எடுக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. பழைய கட்டடம், தரையைத் தோண்டும்போது பூட்ஸ் கிடைத்திருக்கும், எவனோ அலமாரியில் போட்டிருப்பான். பெல்ட்டில் கை மாட்டியது. பயத்தில் காது எதையாவது கேட்கும். பேய் என்று ஒன்றும் கிடையாது.

ஹார்பர் ரோட்டு முனையில் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"பாரு வருது!"

திரும்பிப் பார்த்தேன். ஐஸ் வண்டி இல்லை. ஆள் இல்லை. தூரத்தில் அந்தக் கட்டடத்தின் வாசல் மட்டும் இருட்டாகத் திறந்து கிடந்தது.

மேலே நிற்கிறவன் கத்துவான். கீழே நிற்கிறவன் "வுடு" என்று பதில் சொல்வான். பதில் வராமல் தள்ளக் கூடாது. மண்ணாங்கட்டி ஒரு நாளும் முறை தவறியவன் இல்லை.

"பாரு வருது!" மறுபடியும், பொறுமையாக.

எவனாவது மீன்காரனாக இருக்கும். நான் நம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பதில் சொல்லாமல் நடந்தேன்.