யாரும் கூப்பிடாத திருத்தம்

துப்பறிவாளரைத் தேடி வந்தவள் உட்காரவே இல்லை. “ஒரு தொழிலாளியோட கையை நசுக்கினது என் தம்பிதான்னு சொல்றாங்க சார்,” என்றாள்.

தம்பி, தகடு அழுத்தும் ஆலையில் மென்பொருள் எழுதுபவன். பாதுகாப்புச் சோதனையில் ஒரு பிழை இருந்தது: கை உள்ளே இருந்தால் திரையில் எச்சரிக்கை வரும், எந்திரம் மட்டும் நிற்காது. அதைத் திருத்திவிட்டதாக அவன் சொன்ன பிறகுதான் விபத்து. உண்மையிலேயே திருத்தியிருந்தால் எந்திரம் நின்றிருக்கும்; ஆகவே விபத்துக்குப் பிறகு திருத்தத்தைத் திருட்டுத்தனமாகச் செருகியிருக்கிறான் என்று மேலாளர் புகார் கொடுக்க, போலீஸ் அவனை அழைத்துப் போயிருந்தது.

“எச்சரிக்கை வார்த்தையைக்கூட மாத்தினானாம். ‘தடங்கல்’னு இருந்ததை ‘ஆபத்து’ன்னு.”

துப்பறிவாளர் மெல்லத் தலையசைத்தார். அவருடைய மைத்துனி அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆலையில் மேலாளர் கணினியைக் காட்டினார். “பாருங்க, அவன் செருகின கோப்பு இன்னும் இங்கேயேதான் இருக்கு.”

“அப்போ இன்னிக்கு எந்திரம் நிக்கணுமே?” என்ற துப்பறிவாளர், ஒரு மரக்கட்டையை உள்ளே வைத்து ஓட்டச் சொன்னார்.

எந்திரத்தின் அழுத்தி இறங்கியது. கட்டை சுக்குநூறானது. கூடவே வந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரே ஒரு சொல்: தடங்கல்.

“அத்தான், பழைய வார்த்தை!” என்று மைத்துனி கத்தினாள். “புதுசு உள்ளே இருக்கும்போது பழசு எப்படிப் பேசுது?”

“நாம எழுதுறதை எந்திரத்துக்குப் புரியற மாதிரி மாத்துறது கம்பைலர்,” என்றார் அவர். “எந்திரத்தை ஓட்டுற நிரல், ஒவ்வொரு தடவையும் அந்தச் சோதனையைக் கூப்பிட்டுக் கேட்கணும். வேகத்துக்காக கம்பைலர், கூப்பிடுற இடத்துலேயே சோதனையை முழுசா நகலெடுத்து ஒட்டிடுச்சு. தம்பி மூலத்தைத் திருத்தினான். ஒட்டின நகல் பழசாவே இருக்கு. திருத்தினதை யாரும் கூப்பிடவே இல்லை. முழு நிரலையும் மறுபடி கம்பைல் பண்ணியிருக்கணும்.” மேலாளர் பக்கம் திரும்பினார். “திருத்தம் இருந்தும் எந்திரம் நிக்கல. உங்க புகார் மட்டும் எப்படி நிக்கும்? மறுபடி கம்பைல் பண்ணணும்னு அவன் சொன்னானா இல்லையா?”

“சொன்னான்…” என்று இழுத்தார் மேலாளர். “வேலை நின்னுடும்னு, அந்த ஒரு கோப்பை மட்டும் மாத்தச் சொன்னேன்.”

“இதே நிரல் வேற எங்கே ஓடுது?”

மேலாளரின் பார்வை பக்கத்துக் கதவுக்குப் போனது. அடுத்த கூடத்திலிருந்து ‘தடால், தடால்’ என்று சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

அக்கா ஓடினாள். சுவரிலிருந்த அவசர நிறுத்தத்துக்கான சிவப்புப் பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள். கூடமே அடங்கியது.

வரிசையின் கடைசியில், சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்திருந்த தொழிலாளி எரிச்சலோடு திரும்பிப் பார்த்தான்.

“யாரும்மா நிறுத்தினது?”

அவனுடைய வலது கை, பாதி இறங்கி நின்ற அழுத்திக்கு அடியில் இருந்தது.